பெட்டிக்கு ஒரு கூண்டு

புதுவையில் மிஷன் வீதிக்கு மேற்கே உள்ள வீதிகளில் கோடைக்கால நண்பகலில் நடந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக் கூடும். பழைய வீடொன்றைக் கடக்கையில் தலைக்கு மேல் நிழல் வருகிறது. நான்கு வீடு தள்ளிப் புதிய வீடொன்றைக் கடக்கையில் தோளிலும் காதோரத்திலும் அனல் அடிக்கிறது. அண்ணாந்து பார்த்தால் சுவரில், இரும்புத் தாங்கியின்மேல், ஒரு வெள்ளைப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும்.

பழைய வீட்டின் நிழலுக்குத் தாழ்வாரம் என்று பெயர். மரத்தூண்களின்மேல் நாட்டு ஓடு வேய்ந்து, முன்சுவரிலிருந்து வீதியை நோக்கிச் சரிந்து இறங்கும் கூரை அது. அதற்குப் பின்னே திண்ணை. திண்ணைக்குப் பின்னே வாசற்கதவு. தாழ்வாரத்தைக் கட்டும் செலவு வீட்டுக்காரருடையது. அதன் நிழலில் பெரும்பகுதி வழிப்போக்கருக்குச் சேரும். அந்தத் தோற்றத்தை இன்று ஓரளவேனும் காண விரும்புவோர் வைசியாள் வீதிக்குப் போகலாம். இன்டாக் அமைப்பின் முயற்சியாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியாலும் 2000களில் அங்கே வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது.

எங்கள் வீடும் தாழ்வாரமும் திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடுதான். வீதிக்கு நிழல் தருகிற வீட்டில் வாழ்கிறோம் என்ற சிறு கர்வம் எங்களுக்கு உண்டு. அந்த வீட்டின் பின்புறத்திலிருந்தும் அனல் புறப்பட்ட கதையையும், அதைப் புறப்படுவித்த பெட்டிக்கு நாங்கள் ஒரு கூண்டு செய்து மூடிய கதையையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

வீட்டின் முன்பகுதியில் தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய தளம். கோடையிலும் அங்கே ஒரு மின்விசிறி போதும். பின்கட்டை மட்டும் எங்களுக்கு முந்தைய தலைமுறையினர் இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டார்கள். குளியலறை பக்கத்திலேயே இருப்பதால் அம்மாவின் அறை பின்கட்டில்தான். அம்மா என்பது எங்களில் ஒருவரைப் பெற்றவர். முப்பது ஆண்டுகளாக எங்கள் இருவருக்கும் அம்மா. எண்பதைக் கடந்தபின் அவருக்கு மூச்சிளைப்பு வந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், இரவு பன்னிரண்டு மணிவரை அந்த வெம்மையை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவார். 2022 ஏப்ரலில் ஒன்றரை டன் குளிரூட்டி ஒன்று வாங்கினோம். முதல் இரவு அம்மா ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். அதன்பின் அதைப் பற்றி எங்களுக்கு வேறு யோசனை எழவில்லை.

குளிரூட்டியின் வெளிப்பெட்டியை, மெக்கானிக்குகள் வாயில் 'அவுட்டோர்', கிணற்றடிச் சுவரில் மாட்டினார்கள். எங்கள் பகுதி வீடுகளின் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு சொல். பக்கச் சுவர்கள் பொதுவானவை, சந்து கிடையாது. காற்றும் வெளிச்சமும் முற்றத்திலும் பின்புறக் கிணற்றடியிலும்தான். எங்கள் கிணற்றடிக்கு அப்பால் இடுப்புயர மதில். மதிலை ஒட்டி, அடுத்த வீதியைப் பார்த்து நிற்கும் வீட்டின் பின்சன்னல். அந்தச் சன்னலுக்கு உள்ளே பின்வீட்டுச் சித்தி இருக்கிறார். அம்மாவை அவர் 'அக்கா' என்பதால் எங்களுக்குச் சித்தி. மற்றபடி உறவு ஏதும் இல்லை. கணவர் மறைந்தபின் தனியே வசிப்பவர். அம்மாவின் சன்னலுக்கும் சித்தியின் சன்னலுக்கும் இடையே பத்தடி இருக்கும். அந்தப் பத்தடி தூரத்தில் இருவரும் எத்தனையோ ஆண்டுகளாகப் பேசி வந்தார்கள்: பால்காரர் வராதது, பெருமாள் கோயில் உற்சவம், பிரான்சில் இருக்கும் பேரப்பிள்ளைகள், யார் வீட்டில் என்ன குழம்பு.

குளிரூட்டி வந்தபின் அம்மாவின் சன்னல் சாத்தப்பட்டது. சாத்தாமல் குளிராது அல்லவா?

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதத்தில் ஒருநாள் வெளிப்பெட்டியை அருகில் போய்ப் பார்த்தோம். திருகாணிகள் சிவந்திருந்தன. தாங்கியின் முனைகளில் துரு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. பின்புறத்து மெல்லிய அலுமினியத் தகடுகளில் வெண்பொடி பூத்திருந்தது. கடல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவே. உப்புக் காற்று கேட்காமல் வரும். அந்தத் தகடுகளுக்கு ஊடே செம்புக் குழாய் ஓடுகிறது. செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் ஒரு மின்கலம் போலாகி, இரண்டில் அலுமினியம் அரிக்கப்படும். கடலோர ஊர்களுக்கென மேல்பூச்சு இட்ட தகடுகளுடன் பெட்டிகள் விற்கிறார்கள் என்பது வாங்கியபின் எங்களுக்குத் தெரியவந்தது.

மூடிவிட வேண்டும் என்று தோன்றியது. கடையில் பிளாஸ்டிக் உறை கிடைக்கும் என்றார் ஒரு நண்பர். வேறு சிலர் மழைக்காலம் முழுவதும் தார்ப்பாயைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு அவை பிடிக்கவில்லை. கிணற்றடியில் ஒரு குண்டுமல்லி இருக்கிறது, துளசி மாடம் இருக்கிறது. அவற்றுக்கு மேலே தார்ப்பாய் மூட்டையா? மூடுவதும் அழகாக இருக்க வேண்டும் என்று எண்ணினோம். எண்ணியபோது எங்கள் மனத்தில் வந்து நின்றது கோல்கொண்டா.

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்திராத புதுவைக்காரர் குறைவு. செக் நாட்டவராய்ப் பிறந்து ஜப்பானில் பணியாற்றிய அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. அவருடைய உதவியாளர்களான ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசேக் சாமரும் இங்கேயே தங்கி நின்று கட்டினார்கள். 1937-இல் பணி தொடங்கி 1940களில் நிறைவுற்றது. ஹைதராபாத் நிஜாம் அரசின் நன்கொடையால் எழுந்ததாகையால் அப்பெயர். நீண்ட இரு முகங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்க, அம்முகங்கள் முழுவதும் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள். சன்னல் என்று தனியே இல்லை, சுவரே சன்னல். உள்ளே நடைக்கும் அறைக்கும் இடையே தேக்குச் சட்டங்கள் கோத்த நகரும் கதவு. கூரையின்மேல் இன்னொரு வளைந்த ஓட்டுக் கூரை. இரண்டுக்கும் இடையே காற்று. குளிரூட்டி இல்லாமலே அங்கே கோடையைக் கழிக்க இயலும்.

அந்தக் கிடைப்பலகைகளின் நினைவில், முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தச்சரை அழைத்து, வேப்பமரத்தில் கூண்டு செய்யச் சொன்னோம். அவர் நல்ல வேலைக்காரர். மழைச்சாரல் உள்ளே போகக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதால், பலகைகளைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கமாக அடுக்கினார். 2023 பிப்ரவரியில் கூண்டு சுவரேறியது. பச்சை வண்ணம் பூசினோம். பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சன்னல் ஒன்று வழிதவறிக் கிணற்றடிக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டினோம்.

மறுநாள் மாலை மதிலின்மேல் ஒரு தூக்குவாளி வந்து அமர்ந்தது. உள்ளே சேமியாப் பாயசம்.

"என்ன சித்தி, ஏதாவது விசேஷமா?"

"சும்மாதான்பா. அக்காவுக்கும் ரெண்டு வாய் குடுங்க."

சித்தியின் முகம் மலர்ந்திருந்தது. கூண்டைப் பார்த்து, "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். எங்கள் இரசனையைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

ஏப்ரல் கடைசியில் வெயில் ஏறியது. குளிரூட்டி அரைமணி ஓடும், பிறகு நின்றுவிடும். சிறிது நேரம் கழித்துத் தானாகத் தொடங்கும், மறுபடி நிற்கும். அம்மா பழையபடி கட்டிலில் எழுந்து உட்கார ஆரம்பித்தார். மெக்கானிக் வந்தார், கிணற்றடியில் நின்று கூண்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், பலகை இடுக்கில் உள்ளங்கையை வைத்தார்.

"சார், மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. இதுக்கு மூச்சு முட்டுது."

அவர் விளக்கியதை எங்கள் மொழியில் சொல்கிறோம். குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெளிப்பெட்டி பின்புறத்தாலும் பக்கத்தாலும் காற்றை இழுத்து, சூடான செம்புக் குழாய்களின்மேல் ஓட்டி, முன்புறத்து விசிறியால் வெளியே தள்ளும். முன்னால் நெருக்கமான பலகை இருந்தால் தள்ளிய சூடான காற்று கூண்டுக்குள்ளேயே திரும்பி, பின்புறமாக மறுபடி உள்ளே இழுக்கப்படும். ஒவ்வொரு சுற்றிலும் காற்று இன்னும் சூடாகும். உள்ளே வாயுவின் அழுத்தம் ஏறும். ஓரளவுக்குமேல் கம்ப்ரஸர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மழைக்கென்று மூடத் தேவையே இல்லை. மழையில் நிற்பதற்கென்றே செய்த பெட்டி அது. தார்ப்பாயைச் சுற்றினால் ஈரம் உள்ளே தங்கித் துருவை வளர்க்கும். எலி குடியேறிக் கம்பியைக் கடிக்கும். பனி பெய்யும் நாடுகளில்கூட, இயந்திரம் ஓடாத குளிர்காலத்தில் சருகு விழாமல் மேற்புறத்தை மட்டும் மூடினால் போதும் என்கிறார்கள். உப்புக்கு மருந்து மூடுவதன்று, கழுவுவது. மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லப் பீச்சிக் கழுவினால் போதும்.

கோல்கொண்டாவின் பலகைகள் காற்றை உள்ளே விடுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காற்றை அடைப்பதற்குப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பது அப்போது உறைத்தது. மெக்கானிக் முன்பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார். பெட்டி பெருமூச்சு விட்டதுபோல் ஓடத் தொடங்கியது. அன்றிரவு அம்மா தூங்கினார்.

அந்த வாரத்திலிருந்து சித்தியின் சன்னல் சாத்தியே இருந்தது. கொசுவுக்காக இருக்கும் என்று எண்ணினோம். உண்மையைச் சொன்னால், அவ்வளவுகூட எண்ணவில்லை; ஒரு முறை பார்த்தோம், அவ்வளவுதான். "பேசறதுக்கு ஒருத்தியும் இல்லாம போச்சு" என்று அம்மா இரண்டு முறை சொன்னார். முதுமையின் புலம்பல் என்று கடந்துவிட்டோம்.

மே நடுவில் சித்திக்குக் காய்ச்சல் என்று தெரிந்து பார்க்கப் போனோம். மதில்வழியே கூப்பிடு தூரம். வாசல்வழியே போக ஒரு வீதியைச் சுற்ற வேண்டும். இரவு ஒன்பது மணி. அவர் படுத்திருந்த பின்னறையில் புழுக்கம் தாங்கவில்லை. சன்னற்கதவின் இடுக்குகளில் பழைய துணியைச் சுருட்டி அடைத்து, அதற்குமேல் ஒரு நூற்புடவையை நனைத்துத் தொங்கவிட்டிருந்தார். காற்று வரட்டும் என்று நாங்களே போய்ச் சன்னலைத் திறந்தோம். கதவைத் தொட்டபோதே கை சுட்டது. திறந்ததும் அடுப்படியில் முகத்தைக் காட்டியதுபோல் அனல் வந்து மோதியது. எதிரே, பச்சை வண்ணக் கூண்டின் திறந்த வாய்.

சற்று நேரம் எங்களால் பேச முடியவில்லை. சித்திதான் பேசினார்.

"போன வருஷம் பூரா இப்படித்தான் இருந்துச்சு. மாசி மாசம் நீங்க பொட்டி அடிச்சு மூடினீங்களே, அப்ப நெனச்சேன், நம்ம கஷ்டம் தெரிஞ்சு செஞ்சிருக்காங்கன்னு. அப்புறம் தொறந்துட்டீங்க. அக்காவுக்கு முடியலன்னுதான் தொறந்திருப்பீங்க. அத எப்படிப்பா போய்க் கேக்கறது?"

பாயசத்தின் பொருள் அப்போதுதான் விளங்கியது. நாங்கள் செய்யாத ஒரு நன்மைக்கு அவர் நன்றி சொல்லியிருந்தார். அதை எங்கள் அழகுணர்ச்சிக்குக் கிடைத்த பரிசாக நாங்கள் குடித்திருந்தோம்.

வீடு திரும்பி, இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குளிரூட்டியின் அளவைச் சொல்லும் 'டன்' என்பது இயந்திரத்தின் எடையன்று, பனிக்கட்டியின் எடை. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஏரிப் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, பிரடெரிக் டியூடர் கப்பலில் கொண்டுவந்து சேமித்த கட்டடமே சென்னை ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தக் காலத்து அளவை இன்றைய பெட்டியின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பனிக்கட்டி உருகினால் வெப்பம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். பெட்டியோ வாரிய வெப்பத்தை வேறிடத்தில் கொட்டியாக வேண்டும். ஒன்றரை டன் என்றால் முழு வேகத்தில் ஏறத்தாழ ஐந்தேகால் கிலோவாட். அதனோடு இயந்திரம் தின்னும் மின்சாரமும் வெப்பமாகி வெளியேதான் வரும். எல்லாம் சேர்த்து ஏழு கிலோவாட்டை நெருங்கும். அதாவது, ஒரு கிலோவாட் மின்னடுப்பு ஏழினைச் சித்தியின் சன்னலுக்கு எதிரே வரிசையாக மூட்டி வைத்திருந்தோம்.

இது எங்கள் கிணற்றடியோடு முடிவதுமன்று. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தைக் கணினியில் உருவகித்து ஆராய்ந்தவர்கள், குளிரூட்டிகள் கொட்டும் வெப்பத்தால் நகரின் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரிக்குமேல் உயரக்கூடும் என்று 2014-இல் எழுதினார்கள். ஊர் சூடாகச் சூடாக மேலும் பெட்டிகள். பெட்டிகளால் ஊர் மேலும் சூடாகும். எங்கள் பலகைக் கூண்டுக்குள் நிகழ்ந்ததும் அதுதானே?

அம்மாவிடம் சொன்னோம். மறைக்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கேட்டுவிட்டு, "மெஷின நிறுத்துங்க" என்றார். நிறுத்திச் சன்னலைத் திறந்தோம். எதிரே சித்தியின் சன்னலும் திறந்தது. இரண்டு முதியவர்களும் இருட்டில் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு இளைப்புக் கண்டது. வேறு வழியின்றிக் குளிரூட்டியை மறுபடி போட்டோம். சித்தியின் சன்னல் சாத்தப்படும் ஓசை எங்களுக்கு முதன்முறையாகக் கேட்டது. அதுவரை அது ஒவ்வோர் இரவும் சாத்தப்பட்டுத்தான் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் வெளிப்பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். செம்புக் குழாய் நீண்டது; வாயு கூடுதலாக நிரப்ப வேண்டியிருந்தது; முதலிலேயே அங்கே வைத்திருந்தால் ஆகாத செலவு. பின்கட்டுத் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு கனமாக அடித்தோம். பகல் வெயிலில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போகிறது. இருபதில் ஓடிக்கொண்டிருந்ததை இருபத்தாறுக்கு உயர்த்தி, மின்விசிறியையும் சேர்த்துப் போட்டோம். 2020 முதல் இந்நாட்டில் விற்கும் அறைக் குளிரூட்டிகள் இருபத்து நான்கில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. அதைக் கீழே இறக்கி வைத்தது எங்கள் கைதான். இருபத்தாறிலும் அம்மா தூங்குகிறார். விடியற்காலையில் நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்துவிடுகிறோம்.

மாடியில் பெட்டிக்கு வெயில் நேரே படுகிறது. அதனால் மேலே மட்டும் ஒரு நிழல் வேண்டும் என்றார் மெக்கானிக். நான்கு சவுக்குக் கொம்பு நட்டு, பெட்டிக்கு இரண்டடி உயரத்தில் தென்னங்கீற்றைச் சரிவாக வேய்ந்தோம். பக்கங்கள் நான்கும் திறப்பு. சற்றே தள்ளி நின்று பார்த்தால் அதுவும் ஒரு சிறிய தாழ்வாரம்போலத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு மாறிவிடவில்லை. அதே வெப்பம் இப்போது எவர் சன்னலிலும் படாமல் மேலே போகிறது, ஊரின் பொதுவான காற்றில் கலக்கிறது. அம்மாவின் மூச்சுக்கு நாங்கள் வாங்கும் கடன் அது. குறைக்க முடிகிறது, தீர்க்க வழி தெரியவில்லை.

பச்சை வண்ணக் கூண்டை வெங்காயம் போட்டு வைக்கலாம் என்று சமையலறைக்கு எடுத்துப் போனோம். காற்றில்லாமல் வெங்காயம் அழுகியது. இப்போது பரணில் கிடக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. விடிந்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்தோம். பெட்டி நனைந்து, ஒன்றும் ஆகாமல், அப்படியே இருந்தது. கீற்றைக் காணவில்லை, கொம்புகள் இரண்டு சாய்ந்திருந்தன. கிணற்றடியில் முழங்கால் தண்ணீர். அம்மா சன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சன்னலில் சித்தி.

"தம்பி, ஒங்க கூரை எங்க வாசல்லதான் வந்து விழுந்திருக்கு. ஓரமா எடுத்து வெச்சிருக்கேன். தண்ணி வடிஞ்சதும் வந்து எடுத்துக்கங்க."